பாக்கெட்டுக்குள் இருந்த கை

அல்பேனிய இயக்குநர் ஒருவரின் கதையை இன்று கல்லூரி சினிமா வகுப்பில் சொன்னார்கள். சிரிக்கும் உழவர்களை மட்டுமே எடுக்கச் சொன்னதாம் அரசு. அழும் தாய் ஒருத்தியைக் காட்டியதும், அவரைக் கேமராவையே தொட விடவில்லையாம். பிறகு அவருடைய பழைய படம் ஒன்றைப் போட்டார்கள். அந்தக் கரகர ஒலியில் நான் மஸ்கட்டின் ரூவி கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

எண்பதுகளில் அப்பா அங்கே வீடியோ கடையில் கேமரா பிடித்தார். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் அவர் 'டைரக்டர்'. வெள்ளிக்கிழமைகளில் லேபர் கேம்ப் ஆட்கள் ஊருக்கு அனுப்ப வீடியோ கடிதம் எடுக்க வருவார்கள். வசதியாகத் தெரிய, கடையின் கைக்கடிகாரத்தை அவர்களுக்குக் கட்டிவிடுவது என் வேலை.

ஒருநாள் முருகேசன் மாமா வந்தார். கட்டட சைட்டில் மெஷின் அவர் வலது கையில் மூன்று விரல்களை எடுத்திருந்தது.

"டைரக்டரே, இன்னைக்கு வீட்டுக்காரிகிட்டச் சொல்லிரணும்."

"கிறுக்கா ஒனக்கு? அந்தப் புள்ள ஒடஞ்சு போயிரும். கையப் பாக்கெட்டுல விடு. யல்லா, சீக்கிரம் சிரி."

சிரித்தார். இடது கையில் கடிகாரம் மின்னியது.

மாமா லீவில் ஊருக்குப் போனபோது, அந்தக் கையைப் பார்த்துவிட்டு மாமி கேட்டாளாம்: "தெனமும் அந்தப் படத்தப் போட்டுப் பாத்தேனே. அந்தச் சிரிப்பும் பொய்தானா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். திரையில் உழவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுடைய கைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.