சிலை செய்தவனும் பாட்டு எழுதியவனும்

பாகூர் ஏரிக்கரையை ஒட்டி டென்ட் கொட்டகை போட்ட தை மாதத்தில் எனக்குக் கதை சொல்லும் வேலை கிடைத்தது. படங்கள் பேசாத காலம். பள்ளியில் படித்த கொஞ்சம் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, திரையில் வரும் எழுத்தைத் தமிழாக்கித் தகரக் குழலில் உரக்கச் சொல்வேன்.

அந்த வாரம் வந்தது ஒரு ஜெர்மன் படம். எழுத்து மட்டும் பிரெஞ்சில் இருந்தது. வயதான சிற்பி ஒருவன், இளமையில் தான் செய்த சிலையைப் பார்க்கப் பழைய ஊருக்குத் திரும்புகிறான். சந்தைத் தெருவில் வாய் பிளந்து நிற்கும் பேய்ச்சிலை அது. விளையாட்டாக அதற்கு ஊர்ப்பெண் ஒருத்தியின் முகத்தை வைத்துவிட்டிருந்தான். அவள் அந்தச் சிலையைத் தாண்டித் தாண்டியே தண்ணீருக்குப் போய்க் கிழவியாகியிருந்தாள். பனிமழை பெய்தது. எங்கள் ஜனம் அதைக் கண்டதில்லை. இலவம்பஞ்சு பறக்கிறது என்று சொல்லிவைத்தேன். பஞ்சுக்கு நடுவே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் உதடு அசைந்தது. நான் குழலைக் கீழே இறக்கிவிட்டேன்.

"இன்னாபா, தூங்கிட்டியா? அந்தம்மா இன்னா சொல்லுது?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

பத்து வருஷத்துக்கு முன் ஊர் ஊராகப் போய்த் தெருக்கூத்தாடும் ஒரு ஜமாவுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். குருவிநத்தத்தில் புருஷனை விட்டுவந்து தனியாளாகப் பயிர்செய்த ஒருத்தியைக் கேலி செய்து, கோமாளிக்கு ஒரு பாட்டு. அது சோரியாங்குப்பம் வரைக்கும் பரவியது. வண்டிக்காரர்கள் பாடிக்கொண்டு போவதைக் கேட்டுப் பூரித்துப்போயிருக்கிறேன்.

படம் ஓடிய மறுநாள் விடிந்ததும் குருவிநத்தத்துக்கு நடந்தேன். மூடுபனியில் கரும்புத் தோகைகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. பெண்ணையாறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கால் தரையில் பாவாத மாதிரி இருந்தது. அவள் நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கோமாளிப் பாட்ட எழுதினது நான்தான்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நீதானா? யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சிருந்தேன்."

"தப்பு பண்ணிட்டேன்."

"ரெண்டு வருஷம் ஆத்துப் பக்கம் போவல நானு. ஒரு கல்யாணத்துக்குக் கூப்புடல எவளும்." மழை பெய்யாத வருஷத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "அப்பால ஜனங்க மறந்துட்டாங்க. மெட்டு நல்லா இருந்துச்சு. நானே வேற வார்த்த போட்டு நடவுல பாடறேன்."

"ஒரு தடவ பாடுங்களேன்."

"உனக்கா? மாட்டேன்."

ஒரு நாற்றுக்கட்டை என் பக்கம் தள்ளினாள். "சும்மா நிக்காத. இத்த அந்தக் கோடி வரப்புல வெச்சிட்டுப் போ."

தூக்கித் தலையில் வைத்தேன். சேற்றுத் தண்ணீர் கழுத்து வழியே முதுகுக்கு இறங்கியது, சில்லென்று. வரப்பில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் வேலையை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். நான் போகக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. வேகமாக நடந்தேன்.