பொகவந்தலாவை பஸ்ஸில் இரண்டு கேன் கடல்

கடல் மீன் தொட்டிக்கான உப்புக் கலவை எனக்குக் கட்டுப்படியாகாது. கடல் இலவசம். நீர்கொழும்பில் நானே இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு வந்து, இன்று ஹட்டனில், மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பொகவந்தலாவை பஸ் ஏறினேன்.

கண்டக்டர் கேனைக் காலால் தட்டினார். "என்னங்க, கசிப்புச் சாராயமா கடத்துறீங்க?"

"கடல் தண்ணிங்க. மீன் வளக்கப் போறேன்."

நம்பவில்லை. மூடியைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது. பஸ்ஸே சிரித்தது.

"தோட்டத்து லய வீட்டுக்குள்ள கடல் மீனா? நமக்கெல்லாம் எதுக்குங்க அது?" என்றார் கண்டக்டர்.

நான் விடவில்லை. "கடற்கரையில தேயிலையா வெளையுது? அங்க உள்ளவங்க தேத்தண்ணி குடிக்கலையா?"

கண்டக்டர் மூடியை இறுக மூடினார். கேன்களைத் தானே தூக்கி டிரைவருக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

தொட்டி தயார். யாரிடமாவது பழைய மீன்தொட்டி ஹீட்டர் இருந்தால் சொல்லுங்கள். எங்கள் லயத்தில் கடலுக்குக் குளிர்கிறது.