தபேதாருக்கு நாற்காலி இல்லை

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் "எங்களையா சொல்லுதீங்க?" என்று நாலு அலுவலகங்கள் சண்டைக்கு வரும். அங்கே சேர்ந்த முதல் நாளே, மெடல் வாங்கிய ஒரு ராணுவ வீரரைச் சோடா எடுத்துக் கொடுக்கிறவராக மாற்றினேன். அதற்கு நான் செய்த வேலை ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

அன்று காலை வடக்கே ஒரு குதிரைப்படைப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவர்களிடம் இப்போது குதிரை கிடையாது, டாங்கி வைத்திருக்கிறார்கள். குதிரை இருந்த காலத்தில் வேலை பார்த்த பழைய ஆட்களைத் தேடி மரியாதை செய்யுங்கள், அவர்களுடைய நினைவுகளை எழுதி வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெயர் மூன்று இருந்தது. ஒருவர் செத்துப்போயிருந்தார். ஒருவர் ஊரைவிட்டுப் போய் எத்தனையோ வருஷம். மிச்சம் இருந்தவர் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்து விவசாயி, தபேதார் வேலுச்சாமி.

எங்கள் சூப்பிரண்டு பெயரைப் படித்தார்.

"டபேதாரா? ஏம்மா, கலெக்டருக்கு முன்னால சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு நடப்பானே, அவனா? அவனுக்கு எதுக்கு மேடையில சேரு? சேர் லிஸ்ட்ல இருந்து எடுத்துரு."

குதிரைப்படையில் தபேதார் என்றால் ஹவில்தார் மாதிரி ஒரு பதவி. கடிதத்திலேயே அது விளக்கமாக இருந்தது. நான் படித்தேன். எனக்குப் புரிந்தது. ஆனால் சூப்பிரண்டுக்கு இருபது வருஷ சர்வீஸ். எனக்கு இரண்டு மணி நேர சர்வீஸ். பெயரை எடுத்துவிட்டு டைப் அடித்தேன். "எழுத்து சுத்தமா இருக்கு" என்று பாராட்டு வேறு கிடைத்தது.

மூன்று பேரும் போனபின் யாருக்கு மரியாதை செய்வது? அதற்கும் சூப்பிரண்டு வழி கண்டுபிடித்தார். ஊரில் குதிரை வண்டி வைத்திருந்த பண்ணையார் ஒருவர் இருந்தார். அவருடைய குதிரை அவரைப் பருத்தி ஆலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும். போர்க்களம் என்று அது பார்த்தது ரயில்வே கேட்டைத்தான். "குதிரைப் பாரம்பரியம் காத்தவர்" என்று அழைப்பிதழில் அவர் பெயர் ஏறியது.

விழா

வேலுச்சாமிக்கும் ஒரு அழைப்பு போயிருந்தது, யார் போட்டார்கள் என்று தெரியாது. முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயசிருக்கும். பழைய காக்கிக் கோட்டு, நெஞ்சில் இரண்டு மெடல், முதுகு நேராக. சூப்பிரண்டு அழைப்பை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"டபேதாரா? வாரும், நல்ல நேரத்துல வந்தீரு! எங்க ஆளு லீவு. மேடைக்குப் பின்னால நில்லும். கூப்பிட்டா சோடா கொண்டாரும்." மெடலைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துல வாங்குனதா?"

வேலுச்சாமி என்னையும் மேடையையும் ஒரு தடவை பார்த்தார். "சரிங்க" என்றார். போய் நின்றார். இரண்டு மணி நேரம் நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பேசியவர்கள் எல்லாரும் வீரத்தைப் பற்றிப் பேசினார்கள். பண்ணையாருக்குச் சால்வை போட்டார்கள். பிறகு அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி, பேண்டு வாசித்து வழியனுப்புவது என்று ஏற்பாடு. டிரம்மை ஓங்கி அடித்ததும் குதிரை மிரண்டு முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. வண்டிக்காரன் குதித்து ஓடிவிட்டான். வீரத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மேடைமேல் ஏறினார்கள். வண்டிக்குள் பாரம்பரியம் காத்தவர் சால்வையோடு அலறினார்.

"ஏலே, எவனாச்சும் பிடிங்கலே!"

வேலுச்சாமி சோடாத் தட்டைக் கீழே வைத்தார். ஓடவில்லை, நடந்துதான் போனார். குதிரைக்குப் பக்கவாட்டில் போய்க் கடிவாளத்தைப் பிடித்து, அதன் காதோரம் இந்துஸ்தானியில் ஏதோ சொன்னார். கழுத்தைத் தடவினார். குதிரை நின்றது. அவர் சேணப் பட்டையைத் தளர்த்தி அதன் விலாவைப் பார்த்தார். தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

"இதைப் பாக்காம எதைய்யா காத்தீரு?" என்று பண்ணையாரைக் கேட்டார்.

சூப்பிரண்டு பூரித்துப்போனார். "பாத்தீங்களா! டபேதார்னா இப்படில்லா இருக்கணும்!"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், அவிய ஆபீஸ் டபேதார் இல்ல சார். குதிரைப்படையில தபேதார். மரியாதை பண்ணச் சொல்லி லெட்டர் வந்ததே அவியளுக்குத்தான்."

"அதை ஏம்மா இப்பச் சொல்லுத?"

"லெட்டர் வந்த அன்னைக்கே தெரியும் சார்."

பண்ணையார் சால்வையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போர்த்திக்கொண்டார். வேலுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நினைவுக் குறிப்பு

தண்டனையாக என்னையே அவருடைய ஊருக்கு அனுப்பினார்கள். "லெட்டரைப் படிச்ச மகராசி நீதான, நீயே போய் எழுதிட்டு வா." கரிசல் வெடித்துக் கிடந்த காட்டில், பருத்தி எடுத்தபின் காய்ந்து நின்ற பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார் வேலுச்சாமி. மன்னிப்புக் கேட்டேன்.

"சோடா குடுத்ததுல என்ன குறைஞ்சிபோச்சு தாயி? என்ன, நீ முந்தியே சொல்லியிருந்தா எனக்குக் கால் வலிச்சிருக்காது" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். பிழைப்புக்காகப் பெங்களூர்ப் பக்கம் ஒரு லாயத்துக்குப் போனவர், அப்படியே படையில் சேர்ந்திருக்கிறார். பத்து வருஷம் குதிரையோடு. ஒருநாள் இனிமேல் இரும்பு வண்டிதான் என்று உத்தரவு வந்தது. எல்லாரும் வரிசையாக நின்று அவரவர் குதிரையை ஒப்படைத்தார்கள். இவருடையது மோத்தி என்கிற பெண்குதிரை.

"கடிவாள வார் கைமாறினதும் நான் திரும்பி நின்னுட்டேன். அது கனைச்சுது. நான் திரும்பலை. திரும்பக் கூடாதுன்னு ஆர்டரு."

கையிலிருந்த பருத்திமாரின் மண்ணை உதறினார்.

"பொறவு வண்டி ஓட்டப் படிச்சேன். நல்ல வண்டிதான், குறை சொல்லக்கூடாது. எண்ணெய் ஊத்துனா ஓடும், ஊத்தலைன்னா நிக்கும். ஆனா பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்காது."

பிறகு லாயத்தில் நின்ற வரிசையிலேயே குதிரைகளின் பெயர்களைச் சொன்னார். ஒன்றுகூடத் தடுமாறவில்லை. இன்னதுக்கு இடது கண் மங்கல், இன்னது தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு. கை வலிக்க வலிக்க எழுதினேன்.

சூப்பிரண்டு பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "படைன்னா தளபதி, சண்டை, வெற்றின்னு இருக்க வேண்டாமா? அம்புட்டும் குதிரை பேரால்லா இருக்கு. வெட்டிரு."

"வெட்டமாட்டேன் சார்" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான் முழுசாக டைப் அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்தப் பழக்கத்தால் நாட்டுக்கு நடந்த ஒரே நன்மை அதுதான்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது, வேலுச்சாமி பெயருக்கே. அதிகாரிகளின் பெயரெல்லாம் தங்களிடம் இருக்கிறதாம். குதிரைகளின் பெயர் எங்கேயும் இல்லையாம். அந்தப் பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்களாம். தபேதார் அவசியம் நேரில் வரவேண்டும். இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். "இன்னொருக்க படி தாயி" என்றார். மூன்று தடவை படித்தேன்.

அவர் ரயில் ஏறிய அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். சூப்பிரண்டு எனக்கு முன்னாலேயே மாலையோடு நின்றிருந்தார். "இவிய யாருன்னு எனக்கு முதல்லயே தெரியும்" என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. மேலே இருப்பவருக்கு ஒரு சொல் தப்பாகப் புரிந்திருக்கிறது என்று தெரிந்தால், அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நீங்கள் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், அதற்கு வேறு யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.