சிதம்பரம் லைனில் நான் டிக்கெட் வாங்கிய நாள்

பதினான்கு வருடம் கடலூர் – சிதம்பரம் லைனில் தனியார் பஸ் கண்டக்டராக ஓடியவன் நான். போன செவ்வாய்க்கிழமைதான் முதல்முறையாக அந்த ரோட்டில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து போனேன். இடது இடுப்பின் வெளிப்பக்கம் நான்கு மாதமாக வலி. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போகிறது. ஒன்றரை மாதமாக லீவு. எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று கேட்கத்தான் சிதம்பரத்தில் எலும்பு டாக்டரிடம் போனேன்.

வீடு கடலூர் முதுநகரில். உட்கார இடம் வேண்டுமே என்று, வண்டி கிளம்பும் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கே போய் 6.40 வண்டியில் ஏறினேன். நான் ஓடிய வண்டி அதற்கு அடுத்தது. அதில் ஏற வெட்கமாக இருந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பது ரூபாய். குடிகாடு தொழிற்சாலைகள் பக்கம் வழக்கமான கெமிக்கல் வாடை. தூறலுக்கு ஜன்னல் ஷட்டரை இறக்கியிருந்ததால் உள்ளேயே சுற்றியது. 8.05க்குச் சிதம்பரம். படியில் தயங்கினேன்.

“சீக்கிரம் எறங்கு பெரிசு” என்றார் கண்டக்டர்.

எனக்கு நாற்பத்தாறு வயதுதான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நானும் எத்தனை பேரை இப்படி விரட்டியிருக்கிறேன்!

டாக்டரம்மா இடுப்பின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் விரலால் அழுத்தினார். துள்ளிவிட்டேன். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பத்து எண்ணும்வரை நிற்க முடியவில்லை. மூட்டு நன்றாக இருக்கிறது, அதற்கு வெளியே எலும்பில் ஒட்டியிருக்கும் தசைநார்தான் நைந்திருக்கிறது என்றார். வேலையில் எப்படி நிற்பீர்கள் என்று கேட்டார். நின்று காட்டினேன். சீட்டு முனையில் இடது இடுப்பை முட்டுக்கொடுத்து, முழு பாரத்தையும் அதில் போட்டு, இரண்டு கையாலும் டிக்கெட் போடுவேன்.

“இதுதான் காரணம். இனிமே இப்படி நிக்காதீங்க” என்றார்.

நான் செய்த வைத்தியமெல்லாம் தப்பாம். எண்ணெய் போட்டு அழுத்தி நீவியது, வலிக்கிற பக்கமே படுத்தது, கால்மேல் கால் போட்டு இழுத்தது, எல்லாமே. மறுபக்கம் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும். சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது. அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் கொஞ்சமாக ஆரம்பித்து, மறுநாள் வலி ஜாஸ்தியானால் குறைக்க வேண்டும். வேலைக்குத் திரும்ப மூன்று மாதமாவது ஆகும் என்றார். அந்த மூன்று மாதம்தான் என் தலையில் இடியாக இறங்கியது.

திரும்பும்போது 12.20க்கு நின்றது என் வண்டியேதான். வேறு வழியில்லாமல் ஏறினேன். எனக்குப் பதில் ஓடும் செல்வம் டிக்கெட் காசு வாங்கவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

“ஓனரு லைன நிரந்தரமா என்கிட்டயே குடுத்துட்டாரு மச்சான். உன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல.”

  நான் நின்ற அதே முனையில், அதே இடுப்பைச் சாய்த்து நின்றான். பொறுக்காமல், அப்படி நிற்காதே, என் கதி உனக்கும் வரும் என்றேன்.

“சாயாம எப்பிடி மச்சான் ரெண்டு கையாலயும் டிக்கெட் போடறது?”



இந்த வலியோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு: வண்டி கிளம்புகிற இடத்திலேயே ஏறுங்கள். நிற்க நேர்ந்தால் இரண்டு காலிலும் சமமாக நின்று கம்பியைக் கையால் பிடியுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். விழுந்து அடிபட்டாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

முதுநகரில் அப்படித்தான் ஒவ்வொரு படியாக இறங்கினேன். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். நான் ரோட்டில் இரண்டு காலையும் ஊன்றும்வரை செல்வம் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றான்.