அச்சுப் பொத்தானை அமுக்கிய பிறகு

மாத்தளையில் வாசனைப்பொருள் வாங்கும் ஒரு கம்பனியில் எனக்கு மென்பொருள் வேலை. மிளகும் கராம்பும் கொண்டுவருகிறவர்களுக்கு எடை போட்டுப் பற்றுச்சீட்டு கொடுக்கும் புரோகிராமை, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். திரையின் மேல் பட்டையை ரிப்பன் என்போம். எடை, அச்சு, ரத்து, தேடல் என்று அதில் பொத்தான்கள்.

நான் சேர்ந்தபோது, எடை கவுண்டரில் இருந்த ரத்தோட்டைப் பக்கத்து அக்கா ஒருவரைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். பற்றுச்சீட்டுகள் அடிக்கடி ரத்தாகியிருந்தன. அவர்தான் கவனமில்லாமல் அமுக்குகிறார் என்பது மேனேஜரின் முடிவு. ஒருநாள் தேநீர் நேரத்தில் அந்த அக்கா என்னிடம் வந்தார்.

"மிஸ், ரத்துப் பொத்தான நான் தொடவே இல்லீங்க. கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியுமா?"

"பாத்துச் சொல்றேன்க்கா."

பார்த்தேன். எல்லாப் பொத்தான்களின் வேலையும், நாங்கள் கிளாஸ் என்று சொல்லும் ஒரே நிரல்பெட்டிக்குள், ஒரே நீண்ட நிரலாக இருந்தது. பிரிண்டரில் தாள் தீர்ந்தால் அச்சுப் பகுதி 'வேலை முடியவில்லை' என்று ஒரு குறிப்பைப் போட்டுவிடும். ரத்துப் பகுதியோ அதே குறிப்பை 'ரத்துச் செய்' என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் முழு நிரலும் ஓடி, கடைசிப் பற்றுச்சீட்டு ரத்தாகிவிடும்.

மேனேஜர் முன்னால் தாளை எடுத்துவிட்டு அச்சை அமுக்கினேன். பிறகு தேடலை அமுக்கினேன். பற்றுச்சீட்டு ரத்தானது.

"அப்ப அந்த ஒரு வரிய மட்டும் திருத்துங்களேன்," என்றார்.

"நாளைக்கு வேற பொத்தான்ல இதே மாதிரி வரும் சார். ஒவ்வொண்ணயும் தனியாப் பிரிச்சிடுறேன்."

அரைமனதாகச் சம்மதித்தார். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு கிளாஸ் எழுதினேன். அதனதன் குறிப்பு அதற்குள்ளேயே இருக்கும். எந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது என்று பார்த்து உரிய கிளாஸிடம் ஒப்படைப்பது மட்டுமே ரிப்பனின் வேலை.

மாற்றிய முதல்நாள் காலை எடைப் பொத்தான் அசையவில்லை. அதற்குரிய கிளாஸை ரிப்பனோடு இணைக்க விட்டுப்போயிருந்தது. யட்டவத்தையிலிருந்து வந்தவர்கள் மூட்டைகளோடு நிற்க, மேனேஜர் என் பின்னாலேயே நின்றார். இணைத்ததும் வேலை செய்தது. அதன்பின் பற்றுச்சீட்டு தானாக ரத்தாகவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். பழைய புரோகிராமை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இதுக்குத்தானா," என்றார்.

மேனேஜர் அவரைக் கவுண்டருக்குத் திரும்பி வரச் சொன்னார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

"வேணாங்க சார். அங்க உக்காந்தா எல்லாரும் என் கையத்தான் பாப்பாங்க. பொதி கட்டுற எடத்துலயே நாலு பேரோட பேசிக்கிட்டு வேல செய்றேன்."

மேனேஜர் தன் அறைக்குப் போனார். அடுத்த வாரம் கவுண்டருக்கு நிரந்தரமாக வேறொருவரை எடுத்தார்கள். அவருக்குப் பொத்தான்களைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.