கங்காணி வீட்டு ரேடியோ பாடிய வெள்ளிக்கிழமை

பேட்டரி சார்ஜ் பண்ற கடை வச்சவன் பொழப்பு இருக்கே, கண்ணுக்குத் தெரியாத சரக்கை வித்துட்டு, கண்ணு முன்னால நிக்கிற ஆளுககிட்ட ஏச்சு வாங்குற பொழப்புங்க. அட்டன் பஜார்ல நான் பட்ட பாட்டை, இதே தொழில்ல நொந்தவங்க கேட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

போக்கும் வரத்தும்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துலருந்து, ஆள் மேய்க்கிற பெரியண்ணன் கங்காணி, கார் பேட்டரி ஒண்ணைக் கம்பளியில சுத்தி, பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தாரு. தொழிலாளி வீட்டு லயத்துல கரண்டு ஏது? ரேடியோ பாடணும்னா பேட்டரிதான். வெள்ளிக்கிழமை கந்தப்பளையிலருந்து பொண்ணு வீட்டார் வீடு பாக்க வர்றாங்க. இவங்க வாடகைக் கார்ல போய்ப் பொண்ணு பாத்தப்போ அங்க ரேடியோ பாடவும், எங்க வீட்டுலயும் பாடும்னு இவரு பெருமை அடிச்சு வச்சிருக்காரு. மகனுக்கு ஏற்கனவே மூணு சம்பந்தம் தட்டிப்போச்சு. பெட்டி பாடலேன்னா இதுவும் அம்புட்டுத்தான்.

"தோட்டத்துப் பேக்டரியில கரண்டு இருக்கே, உங்கிட்ட எதுக்கு வரணும்?"னு கேட்டாரு. பேக்டரிக் கரண்டு ஏ.சி., செகண்டுக்கு அம்பது தரம் போய்ப் போய்த் திரும்பும். பேட்டரிக்கு ஒரே பக்கமாப் போற டி.சி. வேணும், என் மெஷின்ல இருக்கிற ரெக்டிபயர் தகடு போறதை விடும், திரும்புறதை மறிக்கும்னு விளக்கினேன். மனுசனுக்குக் கோவம் வந்திருச்சு.

"போன வேலையை முடிக்காமத் திரும்பி வர்ற கரண்டுக்கு, துரை எப்படிய்யா முழுப் பேரு போட்டு முழு நாள் கூலி குடுக்கிறாரு? நானா இருந்தா அரைப் பேருதான்!"

நாத்தம்

அவசரத்துல ஒரே நேரத்துல எட்டு பேட்டரியை மாட்டித் தொலைச்சேன். தகடு புகைஞ்சிருச்சு. செலீனியம் தகடு கருகினா நாத்தம் எப்படின்னு பட்டவங்களுக்குத் தெரியும், கூமுட்டை தோத்துப்போகும். பக்கத்து ஹோட்டல் முதலாளி அலறிப்போய், முட்டை அப்பத்துக்கு வச்சிருந்த அறுபது முட்டையையும் ஒவ்வொண்ணா வாளித் தண்ணியில போட்டுப் பாத்தாரு. கெட்ட முட்டைன்னா மிதக்கணும், ஒண்ணுகூட மிதக்கல. நேரா என் கடைக்கு வந்தாரு.

"எங்கோழி எல்லாம் யோக்கியம்தான், உன் மெஷின்தான்யா அடை வச்சுக் கெடுத்திருக்கு!"

கங்காணியே ரெக்டிபயர்

புதுத் தகடு கொழும்புலருந்து வரணும். கங்காணி சார்ஜ் ஏறாத பேட்டரியைத் தூக்கிட்டுப் போயிட்டாரு. போனவரு சும்மா இருந்தாரா? பேக்டரிச் சுவிட்சுல வயரைக் கொடுத்து, திரும்புற கரண்டைத் தானே மறிக்கிறதா நின்னுருக்காரு. காலையில பேரு பதியுற பெரட்டுக்களத்துல ஆள் விரட்டுற மாதிரி, "போ!"ன்னு சுவிட்சைப் போடுறது, "நில்லு!"ன்னு அமத்துறது. ரெண்டாவது "போ"வுலயே பியூஸ் எரிஞ்சு, கொழுந்து அரைக்கிற ரோலர் எல்லாம் நின்னுபோச்சு. பேக்டரியைப் பாத்துக்கிற டீமேக்கர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"கங்காணியைக் கண்டா ஆளுகதான் ஓடும்னு நெனச்சேன், கரண்டுமா ஓடும்!"

வெள்ளிக்கிழமை

தகடு கருகினது என் தப்பு. எனக்கு மனசு கேக்கல, நானும் போனேன். பொண்ணோட அப்பா வாடகைக் கார்ல வந்து இறங்கினாரு. அவங்க உள்ள தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல, டிரைவர் கையைக் காலைப் பிடிச்சு, கார் பேட்டரியைக் கழட்டி, வீட்டுப் பின்பக்கம் வச்சு, வயரை இழுத்து ரேடியோவுல மாட்டிட்டேன். பெட்டி கணீர்னு பாடுச்சு! அங்கயே தட்டும் மாத்தியாச்சு. அந்தச் சந்தோசத்துல பேட்டரியைத் திருப்பி மாட்ட மறந்துட்டோம், பாவிங்க.

புறப்படுறப்போ கார் முனகக்கூட இல்ல. பொண்ணோட அப்பா இறங்கி பானட்டைத் தூக்கினாரு. பேட்டரி இருந்த இடம் காலி. எட்டிப் பாத்தா, வீட்டுப் பின்பக்கம் பேட்டரி, அங்கருந்து வயர் உள்ள ரேடியோவுக்குப் போகுது. கங்காணிக்கு வேர்த்துக் கொட்டுது, கையெடுத்துக் கும்பிட்டாரு. பொண்ணோட அப்பா மெதுவா பானட்டை மூடிட்டுக் கங்காணி காதுல சொன்னாரு:

"பதறாதீங்க சம்பந்தி, நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க வீட்டு ரேடியோவும் உங்க கார் பேட்டரியிலதான் பாடுச்சு."

கரண்டு ஒரு பக்கமா ஓடினாத்தான் ரேடியோ பாடுமுங்க, பொய்யி ரெண்டு பக்கமும் ஓடினாத்தான் கல்யாணம் நடக்கும்.