தகனமேடைக்கு முதலில் யார்

அந்தக் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். ஆரணி நகராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு ஒன்றில் நான் கவுன்சிலர். ஆற்றங்கரைச் சுடுகாட்டில் ஒவ்வொரு பிணத்துக்கும் வண்டி வண்டியாக விறகு போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பதில் எரிவாயு தகனமேடை கட்டலாம் என்று இன்ஜினியர் சொன்னார். வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல மரத்தைத் துண்டுகளாக நறுக்கி ஒரு கலத்தில் போட்டு, காற்றைக் குறைத்துச் சூடேற்றினால் வாயு வரும். அந்த வாயுதான் எரியும். விறகு கொஞ்சம் போதும், புகையும் ஊருக்குள் வராது.

"வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரம்ங்க. வெளியூர்லேர்ந்து எதையும் வாங்கத் தேவையில்ல" என்றார்.

புகை வராது என்றதுமே நான் கையைத் தூக்கிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு வீசிங். தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர், ஆற்றுப் பக்கமிருந்து புகை வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல எங்கள் வார்டில் கூட்டம் போட்டோம். தெருமுனை டீக்கடைக்காரர் முதல் ஆளாக எழுந்தார்.

"அடுப்புல தள்றதுக்கு எங்கம்மா இன்னா ரொட்டியா? பாதியில கரண்ட் போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

காற்றடிக்கிற மோட்டாருக்கு ஜெனரேட்டர் உண்டு என்று இன்ஜினியர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? "கவுன்சிலரம்மா ஊட்லேர்ந்து மொதல்ல ஒண்ணு வரட்டும். அப்பால நாங்க வர்றோம்" என்றார் டீக்கடைக்காரர். கூட்டமே சிரித்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வெக்கிறேன்யா! எங்க ஊட்டுப் பொணத்தையே மொதல்ல கொண்ணாந்து வெக்கிறேன். அப்ப எவனும் வாயத் தொறக்கக் கூடாது!"

சொல்லி முடித்த பிறகுதான் கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. மகளைப் போளூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டே பேர். அதில் நோயாளி அவர்.

வீட்டுக்கு நடக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார். "இன்னாமே, எனக்கு இப்பவே எடம் புடிச்சு வெச்சிட்டியா?"

"சும்மா வர்றீங்களா" என்று அதட்டினேன். அவர் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தேன்.

கட்டடம் எழும்பியது. அதன் புகைபோக்கி எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிந்தது. துணி காயப்போடக்கூட நான் மேலே ஏறவில்லை. திறப்பு விழா நடந்தது. அதற்கப்புறம் ஒரு பிணமும் வரவில்லை. காரியம் செய்து வைக்கிறவர்களைக் கூட்டிப்போய் உள்ளே காட்டினோம். மகன் நெஞ்சில் சூடம் ஏற்றிய பிறகுதான் உள்ளே தள்ளுவோம், மறுநாள் பால் தெளிக்க எலும்பும் கிடைக்கும் என்று வீடு வீடாகச் சொன்னோம். எல்லாரும் தலையாட்டினார்கள். சாவு விழுந்தால் பழைய இடத்துக்கே தூக்கிப்போனார்கள்.

"புது எடம் காவு கேக்குமாம்" என்று குழாயடியில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். யாரைக் காவு கேட்கும் என்று முடிவே செய்துவிட்டார்கள் போலிருக்கும். வீட்டுக்காரர் ஒரு முறை இருமினால் கரண்டியைப் போட்டுவிட்டுத் தறிப்பக்கம் ஓடுவேன். நான் விட்ட வார்த்தை எங்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதாகப் பயந்தேன். அவரோ விளையாட்டாகவே பேசினார். மகள் போன் செய்தால், "உங்கம்மா எனக்கு டிக்கெட் எடுத்துட்டா" என்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம், பழைய சுடுகாட்டில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்காரருக்கு மூச்சு ரொம்ப மோசமாகி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்த நேரத்தில் டீக்கடைக்காரர் நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அம்மா பூட்டாங்க. ஊர்ல காஞ்ச வெறகே இல்ல. அந்தப் புதுசைத் தொறக்கச் சொல்றீங்களா?"

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒருத்தர் தாயை இழந்து நிற்கிறார், எனக்கு அப்பாடா! என்ன ஜென்மம் நான் என்று என்னையே காறித் துப்பத் தோன்றியது.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. நான் போனேன். அந்த அம்மாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் சத்தம் அடங்கியது. டீக்கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். கடவுளே, பாதியில் நிறுத்திவிடாதே என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். ஜெனரேட்டர் இரண்டு தடவை திணறிவிட்டு ஓடத் தொடங்கியது. மகன் கையில் எலும்புச் சட்டியைக் கொடுக்கும்வரை நான் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"டீக்கடைக்காரரோட அம்மா."

"புதுசுலயா?"

"புதுசுலதான். நல்லபடியா முடிஞ்சுது."

அவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் இல்லியே? நான் இல்லியேமே?" என்று கேட்டுக் கேட்டு அழுதார்.